ப்ரீமியம் டாக்சிக்கு மின்சாரக் கார்: பின் சீட்டில் உட்கார்ந்து பார்த்து வாங்குங்கள்

மின்சாரக் கார் வாங்கி டாக்சி ஆப்பில் ப்ரீமியம் சவாரி ஓட்டலாமா என்று விசாரிப்பவர்கள் முதலில் கேட்பது ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பது. அடுத்தது, எத்தனை நொடியில் நூறைத் தொடும் என்பது. சில வருடங்களாக இந்த வேலையில் மின்சார வண்டி ஓட்டுகிறேன். இரண்டாவது கேள்வியால் எனக்கு இதுவரை ஒரு பைசா வரவில்லை. முதல் கேள்வி பாதிதான் சரி. கூடுதல் காசு கொடுத்து ஏறுபவர் உட்காருவது பின் சீட்டில். வண்டியையும் அங்கிருந்துதான் தேர்ந்தெடுக்க வேண்டும். என் வண்டியின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் பேச்சு பிராண்ட் சண்டையில் போய் முடியும்.

பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் மின்சாரக் காரில் உள்தரை மேலே ஏறிவிடுகிறது. கூரை தாழ்ந்த செடான்களில் சீட்டை அதே அளவுக்கு உயர்த்த இடமிருக்காது. அதனால் உட்காருபவரின் முட்டி தூக்கிக்கொண்டு நிற்கும், தொடை சீட்டில் படியாது. பத்து நிமிடப் பயணத்தில் இது தெரியாது. ஏர்போர்ட் சவாரியில் அரை மணி நேரம் தாண்டியதும் பின்னால் நெளிய ஆரம்பிப்பார்கள். போர்ஷே டைக்கானில் பின்னால் இருப்பவர் கால் வைப்பதற்காக பேட்டரியிலேயே பள்ளம் விட்டிருக்கிறார்கள். அந்த அளவுக்கு இது பெரிய விஷயம். வீல்பேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம், அந்த எண்ணை மட்டும் நம்பவும் முடியாது. ஹூண்டாய் ஐயோனிக் 5-இன் வீல்பேஸ் 3,000 மி.மீ.; அந்த நீளம் காலை நீட்ட இடம் தரும், தொடைக்குத் தாங்கல் கிடைக்கிறதா என்பதை உட்கார்ந்தால்தான் சொல்ல முடியும்.

ஷோரூமில் ஓட்டுநர் சீட்டை உங்களுக்கு ஏற்றபடி நகர்த்தி, எவ்வளவு இறங்குமோ அவ்வளவு இறக்கிவிட்டு, ஷூவோடு பின்னால் போய் உட்காருங்கள். பாதம் முன் சீட்டுக்கு அடியில் நுழைகிறதா பாருங்கள். சில வண்டிகளில் ஷூ நுனிகூட நுழையாது. கண்ணாடிக் கூரை என்றால் உச்சி வெயிலில் ஒருமுறை பாருங்கள், உச்சந்தலை சுடும். கதவுக் கைப்பிடி உள்ளே மடங்கியிருக்கும் மாடல் என்றால், ஏற வருபவர் கதவைத் தடவிக்கொண்டு நிற்பார். பூட்டு திறந்ததும் கைப்பிடி தானாக வெளியே வரும் வசதி இருப்பது நல்லது.

டெஸ்ட் டிரைவில் ஸ்டியரிங்கை நண்பரிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் பின்னால் உட்கார்ந்து போனில் எதையாவது படித்துக்கொண்டே கால் மணி நேரம் வாருங்கள். தலை சுற்றினால் காரணம் பெரும்பாலும் ரீஜென் பிரேக்கிங், அதாவது மோட்டாரே வேகத்தைக் குறைத்து அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்புவது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பிடித்து இழுக்கும் அந்தச் சங்கதி ஓட்டுபவருக்குச் சுகம், பின்னால் குனிந்து போன் பார்ப்பவருக்குக் குமட்டல். வேகமே நாற்பதுதான் இருக்கும், "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க" என்று குரல் வரும். ரீஜெனைப் பல படிகளில் குறைக்கவும், தேவைப்பட்டால் முழுக்க நிறுத்தவும் வழியுள்ள வண்டி நமக்கு ஏற்றது. ஆள் இருக்கும்போது நான் கீழ்ப்படியில் வைப்பேன், காலி வண்டியில் ஒற்றை பெடல், பிரேக்கைத் தொடாமல் ஆக்சிலரேட்டரை வைத்தே ஓட்டுவது.

சரி, ரேஞ்சுக்கு வருவோம். எல்எஃப்பி (இரும்பு பாஸ்பேட்), என்எம்சி (நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட்) என்று இரண்டு வகை லித்தியம் பேட்டரி அதிகம் வருகிறது. என்எம்சியைத் தினசரி ஓட்டத்துக்கு 80 சதவீதத்தோடு நிறுத்தச் சொல்வார்கள்; எல்எஃப்பியை நூறு வரை ஏற்றலாம். கணக்குப் போட்டால் 75 யூனிட் (கிலோவாட்-மணி) என்எம்சியும் 60 யூனிட் எல்எஃப்பியும் காலையில் வீட்டை விட்டுக் கிளம்பும்போது ஒன்றுதான். ஆனால் கடும் குளிரில் எல்எஃப்பி சார்ஜ் ஏற மந்தமாகும்.

பெரிய பேட்டரியைவிட வேகமாக ஏறும் பேட்டரி நமக்கு அதிகம் உதவும். ஐயோனிக் 5, கியா ஈவி6 போன்ற 800 வோல்ட் வண்டிகள் 350 கிலோவாட் சார்ஜரில் 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடத்தில் ஏறும் என்று நிறுவனங்களே சொல்கின்றன. உங்கள் பக்கம் அத்தனை வலுவான சார்ஜர் இல்லையென்றால் அந்த எண்ணுக்காகக் காசு கொடுக்காதீர்கள். 80-க்கு மேல் எந்த வண்டியும் நத்தைதான்; முழுசாக ஒருமுறை ஏற்றுவதைவிடக் குறுகிய இரண்டு சார்ஜில் நேரம் மிச்சம். ஏசி போட்டுக் காத்திருப்பதற்குப் பயப்பட வேண்டாம். நல்ல வெயிலில் மணிக்கு 1 முதல் 2 யூனிட் வரை போகும், தோராயமாக 6 முதல் 12 கி.மீ. ஓட்டம். ஏர்போர்ட் வரிசையில் என்ஜின் சத்தமும் புகையும் இல்லாமல் குளிர்ச்சியாகக் கிடப்பது இந்த வேலையில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி.

ரீஜென் இருப்பதால் பிரேக் பேடு தேய்வது குறைவு. டயர் அதற்கெல்லாம் சேர்த்து வாங்கிவிடும். வண்டியின் எடையும் அதிகம், மோட்டாரின் இழுவிசையும் அதிகம். 20, 21 அங்குல வீல் போட்ட உயர் மாடல் பார்க்க அழகு. ரேஞ்ச் குறையும், குலுக்கல் கூடும், டயர் விலையும் ஏறும். உள்ளே ஸ்பாஞ்ச் ஒட்டிய சத்தம் குறைக்கும் டயர் என்றால் பஞ்சர் போட எல்லாக் கடையிலும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

பேட்டரி வாரண்டி பெரும்பாலும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ., எது முதலில் வருகிறதோ அதுவரை. நாளுக்கு 200 கி.மீ., மாதம் 25 நாள் ஓட்டினால் மூன்று வருடத்துக்குள் கிலோமீட்டர் தீர்ந்துவிடும், மீதி வருடம் எல்லாம் காகிதத்தில்தான். வாடகை ஓட்டத்துக்கு வாரண்டி குறையுமா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். விற்பனையாளர் வாயால் சொன்னது எதற்கும் ஆகாது.

அப்புறம் டாக்சி ஆப் ஏற்கும் வண்டிகளின் பட்டியல். ப்ரீமியம் பிரிவில் எந்த மாடல், எந்த வருடத் தயாரிப்பு, சில ஊர்களில் வெளியே என்ன நிறம், உள்ளே லெதர் சீட்டா என்பது வரை விதி உண்டு. ஊருக்கு ஊர் மாறும், திடீரென்றும் மாறும். ஐந்து வருடக் கடன் போட்டு, நான்காவது வருடமே வண்டி வயது வரம்பைத் தாண்டிவிட்டால் மீதித் தவணையைச் சாதாரணப் பிரிவு வாடகையில்தான் கட்ட வேண்டும். அதைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.