வோல்ட்டி குரலுக்கு எந்த ஷெட்யூலர்: பிஎஃப், இடிஎஃப், எம்-எல்டபிள்யூடிஎஃப்

வோல்ட்டி என்பது எல்டிஇ (4ஜி) வழியே போகும் குரல் அழைப்பு. எல்டிஇ கோபுரம் மில்லிவினாடிக்கு (மி.வி.) ஒருமுறை, அலைவரிசையில் யாருக்கு எவ்வளவு என்று பங்கு போடுகிறது. அதை முடிவு செய்வதுதான் ஷெட்யூலர். 10 மெகாஹெர்ட்ஸ் செல்லில் பங்குக்கு இருப்பது 50 ரிசோர்ஸ் பிளாக், அதாவது அலைவரிசைத் துண்டுகள். குரல் பாக்கெட் 20 மி.வி.க்கு ஒன்று வரும், சுமார் 320 பிட். சிக்னல் உச்சத்தில், அதாவது சிகியூஐ (கைபேசி சொல்லும் சிக்னல் தர எண்) 15-இல், அது ஒரே பிளாக்கில் அடங்கிவிடும். சிகியூஐ 1-இல் ஒரு பிளாக் தாங்குவது 18 பிட் அளவுதான். அதே பாக்கெட் 18 பிளாக்கைத் தின்னும். சண்டையெல்லாம் இதனால்தான்.

சிக்னல் நன்றாக இருப்பவருக்கே அள்ளிக் கொடுக்கும் மேக்ஸ் ரேட் ஷெட்யூலர், குரலுக்குப் பேச்சுக்கே ஆகாது.

பிஎஃப் (ப்ரொபோர்ஷனல் ஃபேர்) ஒருவரின் இப்போதைய வேகத்தைச் சராசரி வேகத்தால் வகுத்து, பெரிய எண்ணைத் தேர்ந்தெடுக்கும். கோபுரத்தின் அருகே 'அ': 20 எம்பிபிஎஸ், சராசரி 10, மதிப்பு 2. ஓரத்தில் 'ஆ': வேகமும் சராசரியும் 2, மதிப்பு 1. 'அ'வின் பாக்கெட் 10 மி.வி.யும் 'ஆ'வினது 60 மி.வி.யும் காத்திருந்தாலும் பிஎஃப் 'அ'வைத்தான் எடுக்கும். காத்திருப்பு அதன் கணக்கிலேயே இல்லை.

இடிஎஃப் (எர்லியஸ்ட் டெட்லைன் ஃபர்ஸ்ட்) நேர்மாறு. பாக்கெட் போய்ச் சேர வேண்டிய கெடு நெருங்கியவருக்கே முதலிடம். 'ஆ'வின் வேகம் 0.2-க்கு விழுந்த நொடியிலும் அவருக்கே பிளாக்குகளைக் கொட்டும். மற்றவர்கள் கெடுவும் வரிசையாகத் தவறும்.

எம்-எல்டபிள்யூடிஎஃப் (மாடிஃபைட் லார்ஜஸ்ட் வெயிட்டட் டிலே ஃபர்ஸ்ட்), பிஎஃப் மதிப்பைக் காத்திருப்பாலும் (வினாடியில்) ஓர் எடையாலும் பெருக்குகிறது. அனுமதித்த பாக்கெட் இழப்பின் 10 அடிமான மடக்கையைக் குறி மாற்றி, வினாடியில் சொன்ன கெடுவால் வகுத்தால் எடை. இழப்பு 1%, கெடு 80 மி.வி. என்றால் 25. இப்போது 'அ' 0.5, 'ஆ' 1.5, 'ஆ' ஜெயிக்கிறார். வேகம் 0.2 ஆனால் 'ஆ' 0.15, சிக்னல் தேறும்வரை நிற்கட்டும் என்று விட்டுவிடும். குரலுக்கு என் ஓட்டு இதற்கே. கெடு இல்லாத டேட்டாவுக்கு பிஎஃப் போதும்.

கெடு 100 இல்லையா என்பீர்கள். குரலுக்கான 100 மி.வி.யில் கோபுரத்துக்குப் பின்னாலுள்ள கோர் நெட்வொர்க்குக்கு 20 போய்விடும். ரேடியோவுக்கு மிச்சம் 80. இங்கே 100 என்று போட்டுவிடுவது வழக்கமான தவறு.

கெடு தாண்டிய பாக்கெட்டைத் தூக்கி எறியும் டைமரும் கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் செத்த பாக்கெட்டின் காத்திருப்பு ஏறிக்கொண்டே போய், உயிருள்ளவற்றை முந்திவிடும்.

அப்லிங்கில், அதாவது கைபேசியிலிருந்து கோபுரத்துக்குப் போகும் வழியில், இன்னொரு சிக்கல். கைபேசி அனுப்பும் பஃபர் அறிக்கை எத்தனை பைட் நிற்கிறது என்றே சொல்லும், எவ்வளவு நேரமாக என்று சொல்லாது. காத்திருப்பைக் கோபுரமே 20 மி.வி. தாளத்தை வைத்து ஊகிக்க வேண்டும்.