எம்பிடியா, நேவிட்ரோமா? மண்டபத்து வீட்டில் ஓர் இசைச் சேவையகம்

அப்பாவின் ஒலிநாடாக்களிலிருந்து மாற்றிய பாடல்களையும் நான் பிற்பாடு வாங்கிய குறுந்தகடுகளையும் ஒரே இடத்தில் வைத்துக் கேட்பதற்காக, ராமேசுவரம் அருகிலுள்ள கடலோர ஊரான மண்டபத்தில், எங்கள் வீட்டுக் கூடத்தில் ராஸ்பெர்ரி பை என்னும் சிறு கணினியை வைத்திருக்கிறேன். அதற்குத் திரையும் விசைப்பலகையும் கிடையாது. எல்லா வேலையும் வேறொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் என்னும் தொலை இணைப்பு வழியாக, கட்டளைகளைத் தட்டச்சிட்டுத்தான். எம்பிடி, நேவிட்ரோம் இரண்டும் இதற்கான இசைச் சேவையக மென்பொருள்கள். ஓராண்டு நேவிட்ரோமில் ஓட்டிவிட்டு எம்பிடிக்கு மாறியவன் என்பதால், என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிறுவுவதில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எம்பிடியும் அதைக் கட்டளைகளால் இயக்கும் எம்பிசியும் டெபியன் இயங்குதளத்தின் மென்பொருள் களஞ்சியத்திலேயே இருப்பதால், ஆப்ட் என்னும் நிறுவல் கட்டளை ஒன்றிலேயே வந்துவிடும். கோ என்னும் நிரல்மொழியில் எழுதப்பட்ட நேவிட்ரோம் ஒரே இயக்கக் கோப்பாகவும் டெபியனுக்கான டெப் பொதியாகவும் கிடைக்கிறது. பாட்டு எங்கே ஒலிக்கிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. எம்பிடி தன்னோடு இணைத்த ஒலிபெருக்கியில் தானே பாடும். கைப்பேசி அதற்கு வெறும் தொலைஇயக்கி. நேவிட்ரோமோ சப்சோனிக் என்னும் இசைப் பரிமாற்ற நெறிமுறை வழியாகப் பாட்டைக் கைப்பேசிக்கே அனுப்பிவிடும்.

எங்கள் கரையில் முடிவைத் தீர்மானித்தது மின்வெட்டு. வாடைக் காற்று வீசும் மாதங்களில் மின்சாரம் ஒரே நாளில் பலமுறை போய்வருகிறது. உப்புக்காற்றில் இணைப்புகளும் விரைவில் துருவேறுவதால், கணினி எந்த நொடியிலும் அணையலாம் என்றே திட்டமிட வேண்டியிருக்கிறது. நேவிட்ரோம், கேட்ட எண்ணிக்கை, விருப்பக் குறி, பாடல் பட்டியல் ஆகிய அனைத்தையும் எஸ்கியூலைட் தரவுத்தளத்தில் எழுதிக்கொண்டே இருக்கும். திடீர் அணைப்பைத் தாங்கும்படியே எஸ்கியூலைட் வடிவமைக்கப்பட்டிருந்தாலும், எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லும் நினைவட்டை உண்மையில் எழுதி முடிக்காதபோது அதனால் என்ன செய்ய முடியும்? ஓர் இரவில் அட்டை கெட்டது. யூஎஸ்பி வட்டில் இருந்த பாடல்கள் பிழைத்தன. அப்பாவுக்குப் பிடித்தவற்றை அவர் அருகிலிருந்து சொல்லச் சொல்ல நான் இட்ட விருப்பக் குறிகள் எல்லாம் போய்விட்டன. காப்புப்பிரதி எடுக்க நேவிட்ரோமிலேயே கட்டளை உண்டு. அதை நேரம் குறித்து ஓடவிடாதது என் தவறுதான்.

எம்பிடியில் இழப்பதற்கே அதிகம் இல்லை. பட்டியல்கள் எம்3யூ என்னும் சாதாரண உரைக் கோப்புகள். அமைவு விவரங்கள் முழுவதும் ஒரே உரைக் கோப்பு. பாடல் தரவுத்தளம் அழிந்தாலும் ‘எம்பிசி அப்டேட்’ என்று தட்டினால் கோப்புகளைப் படித்து மீண்டும் கட்டிக்கொள்ளும். எங்கே நிறுத்தினோம் என்பதைக் குறித்துவைக்கும் நிலைக் கோப்பை 2 நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதுவது அதன் இயல்பு. அந்தக் கோப்பு போனாலும் கவலையில்லை. ஆகவே ராஸ்பெர்ரி பையின் அமைவுக் கருவியான ராஸ்பி-கான்ஃபிக்கில் உள்ள, மாற்றங்களைத் தற்காலிக நினைவகத்தில் மட்டும் வைக்கும் மேலடுக்குக் கோப்பு முறைமையை இயக்கி, அட்டையில் எதுவுமே எழுதப்படாதபடி பூட்டிவிட்டேன். அதன்பின் எத்தனையோ முறை மின்சாரம் போயிருக்கிறது. வந்ததும் கணினி தானாக எழுந்து பாடுகிறது. புதிய பட்டியலைச் சேமிக்க வேண்டுமானால் மட்டும் பூட்டைத் திறந்து மறுதொடக்கம் செய்ய வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை நேரும் அந்தச் சிரமத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

இதே கேள்வியை விசைப்படகில் செல்லும் என் அண்ணனிடம் கேட்டால் நேவிட்ரோமைத்தான் சொல்வார். கரையிலேயே பாடல்களைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு, சிக்னல் இல்லாத கடலிலும் கேட்க அதன் செயலிகள் உதவின. பாட்டை வலைப்பின்னல் வழியே அனுப்பும் எம்பிடியின் எச்டிடிபி வெளியீடோ, கேட்பவர் அனைவருக்கும் ஒரே ஓட்டத்தையே தரும். அது அவருக்குப் பயன்படவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அவர் வீட்டில் இருக்கும்போதுதான் கூடத்து ஒலிபெருக்கி அவருக்கும் பிடிக்கிறது. சப்சோனிக் நெறிமுறையையே பேசும் கோனிக் என்னும் வேறொரு சேவையகத்தை அவருக்காக ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தேன். இலகுவாகவே இருந்தது, ஆனால் ஒரு மழைக்காலத்தையாவது அது கடக்காமல் பரிந்துரைக்க மாட்டேன். இப்போதைக்கு அவர் புறப்படுமுன் வேண்டும் என்று கேட்கும் பாடல்களை, கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையால் அவருடைய கைப்பேசிக்கு நானே ஏற்றித் தருகிறேன்.