மரியா தெரசாவும் இரண்டாம் கேத்தரினும்

1740இல், 23 வயதில், தந்தைக்குப் பின் ஆஸ்திரிய ஆட்சியை ஏற்றார் மரியா தெரசா. அதே ஆண்டில் ஜெர்மானிய அரசான பிரஷ்யா அவருடைய சைலீசியா மாகாணத்துக்குள் படையோடு நுழைந்தது. கேத்தரினோ 1762இல் கணவர் மூன்றாம் பீட்டரைக் கவிழ்த்து ரஷ்ய அரியணையைப் பிடித்தவர்.

துணிச்சலில் கேத்தரினுக்கே என் வாக்கு. 1768இல், மக்கள் அஞ்சிய காலத்தில், தாமே அம்மை குத்திக்கொண்டார். மரியா தெரசாவும் அதே ஆண்டு தம் பிள்ளைகளுக்குக் குத்தச் செய்தார்.

கல்வியில் நிலைமை மாறுகிறது. கேத்தரின் 1764இல் தொடங்கிய ஸ்மோல்னி நிறுவனம் முதன்மையாகப் பிரபுக் குலப் பெண்களுக்கானது. மரியா தெரசாவின் 1774 பள்ளிச் சட்டமோ சாதாரண வீட்டுச் சிறுவர் சிறுமியர் அனைவருக்கும் பொருந்தியது. சுதந்திரம் பற்றி அழகாக எழுதிய கேத்தரினின் ஆட்சியில் பண்ணையடிமைகளின் துயரம் பெருகியது. 1773இல் புகச்சோவ் என்பவர் தலைமையில் அவருடைய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி வெடித்தது.

ஆகவே மரியா தெரசாவையே உயர்வாக மதிக்கிறேன். ஆனால் பிராக் நகரிலிருந்து யூதர்களை அவர் வெளியேற்றியதை என்னால் மன்னிக்க முடியவில்லை.