மின்காரா, ஹைப்ரிட்டா? மீட்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்

பெட்ரோலில் ஓடியபடியே தன் பேட்டரியைத் தானே நிரப்பிக்கொள்ளும் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கும் முழு மின்காருக்கும் இடையே நெடுநாள் ஊசலாடி, பதினான்கு மாதங்களுக்கு முன் கோவையில் மின்காரையே எடுத்தேன். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்திருக்கும். மின்காருக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம், டொயோட்டா ஹைரைடர் போன்ற 1,500 சிசி ஹைப்ரிட்டுக்கு 40 சதவீதம் என்பதும், மின்காருக்கு இன்ஜின் ஆயில் செலவு இல்லை என்பதும் பலரும் அறிந்தவையே.

உண்மையில் பார்க்க வேண்டியது, இரவில் வண்டி நிற்கும் இடத்துக்கு உங்கள் வீட்டு மீட்டரிலிருந்து கம்பி வருமா என்பதுதான். எங்கள் அடுக்ககத்தில் தனிக் கம்பி இழுத்து 15 ஆம்பியர் பிளக் பாயின்ட் வைத்தும், முதல் நாள் இரவு சார்ஜரில் சிவப்பு விளக்கே எரிந்தது; கட்டடத்தின் எர்த்திங் சரியில்லை. கரியும் உப்பும் கொட்டிப் புதிய எர்த் குழி எடுத்த பிறகே பச்சை விளக்கைக் கண்டோம்.

அடுத்தது மின்கட்டணப் படிநிலை. இரண்டு மாதத்துக்கு 420 யூனிட் செலவான வீட்டில், 2,400 கிலோமீட்டர் ஓட்டத்துக்காக ஏறத்தாழ 370 யூனிட் கூடியது. 500 யூனிட்டைத் தாண்டியதும் கீழ்ப்படியில் இருந்த குறைந்த கட்டணம் போய்விடுகிறது. 600-க்கு மேல் ஒவ்வொரு யூனிட்டும் 9 ரூபாயைக் கடக்கிறது. விளம்பரக் கணக்குகள் இதைச் சொல்வதில்லை. அப்படியும் கூடுதல் தொகை 3,500 ரூபாய் அளவில் நின்றது, அதாவது கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாய். வெளியே வேகச் சார்ஜிங்கை மட்டும் நம்பினால் இது இரு மடங்காகிவிடும்.

ஹைப்ரிட் வைத்திருக்கும் என் மைத்துனருக்கு லிட்டருக்கு 22 கிலோமீட்டர் கிடைக்கிறது; அவருக்குக் கிலோமீட்டருக்கு நாலரை ரூபாய்க்கு மேல் ஆகிறது என்றாலும், நள்ளிரவில் திருநெல்வேலிக்குக் கிளம்புவதற்கு அவர் எதையும் யோசிப்பதில்லை, நானோ வழியில் எந்தச் சார்ஜர் வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டே புறப்படுகிறேன்.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை, நம் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்தே வருவதால், புகை கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக நான் பெருமைப்பட்டுக்கொள்வதில்லை. கூரையில் சூரியத் தகடு இருந்து, பகலில் சார்ஜ் செய்ய முடிந்தவர்களின் கதை வேறு.

மறுவிற்பனை பற்றிப் பேச எனக்கு அனுபவம் போதாது. பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் உண்டு. அது முடியும் தறுவாயில் என் வண்டியை யார், என்ன விலைக்குக் கேட்பார்கள் என்பதை அப்போதுதான் சொல்ல முடியும். தெருவோரம் வண்டி நிறுத்துகிறவர் கேட்டால், தயங்காமல் ஹைப்ரிட்டையே சொல்வேன்.