தாய் ச்சியா, பாதுவான்ஜினா? 70 வயதுக்காரருக்கு எது சரி

கீழே விழாமல் இருப்பதுதான் முதல் கவலை என்றால் என் தேர்வு தாய் ச்சி. பல வருடமாக எந்தப் பயிற்சியும் செய்யாதவர், உடம்பைக் கொஞ்சம் இயங்க வைத்தால் போதும் என்பவர் பாதுவான்ஜினில் தொடங்கலாம். இரண்டுமே சீனப் பூங்காக்களில் காலையில் பெரியவர்கள் கூட்டமாகச் செய்கிற, மூச்சோடு இணைந்த நிதானமான பயிற்சிகள். அதனால் எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று தோன்றும். கால்களைப் பாருங்கள், வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

பாதுவான்ஜினில் எட்டே அசைவுகள். வானத்தைத் தாங்குவது போல இரு கைகளையும் தூக்குவது, வில்லை இழுப்பது, கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்ப்பது என்று போகும். சீனாவின் சோங் வம்சக் காலத்திலிருந்து (10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை) வருகிற மரபு இது. இன்று பரவலாகச் செய்யப்படுவது 2003இல் சீன விளையாட்டுத் துறை ஒழுங்குபடுத்திய வடிவம். மொத்தமாகச் செய்ய ஏறக்குறைய 12 நிமிடம் ஆகும். ஒவ்வோர் அசைவும் தனித்தனி என்பதால் வரிசை மறந்துபோனாலும் குடி முழுகிவிடாது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டும் செய்யலாம். ஆனால் பெரும்பாலும் பாதங்கள் நின்ற இடத்திலேயே இருக்கும். பக்கவாட்டில் அகட்டி நிற்பதைத் தவிர நடை என்பதே கிடையாது.

பெரியவர்கள் விழுவது பெரும்பாலும் அடி எடுத்து வைக்கும்போது, திரும்பும்போது, பின்னால் நகரும்போது. தாய் ச்சி பழக்குவது இதைத்தான். ஓர் அடி வைக்கும் முன் உடம்பின் எடை முழுவதையும் ஒரு காலுக்கு மாற்றுகிறார்கள், அந்த முழங்கால் லேசாக மடங்கியிருக்கிறது. மற்றக் கால் எடையே இல்லாமல் முன்னே போய் முதலில் குதிகாலை மட்டும் பதிக்கிறது. தரை உறுதி என்று தெரிந்த பிறகே எடை அங்கே நகர்கிறது. அதுவரை இடையில் சில விநாடிகள் ஒற்றைக் காலில்தான் நிற்கிறோம். குரங்கை விரட்டுவது என்ற அசைவில் இதையே பின்னோக்கி நடந்து செய்ய வேண்டும்.

அமெரிக்காவின் ஓரிகனில் 70 வயதுக்கு மேற்பட்ட 670 பேரிடம் நடந்த ஆய்வு 2018இல் வெளியானது. ஏற்கெனவே விழுந்தவர்கள், நடமாட்டம் குறைந்தவர்கள்தான் அதில் இருந்தார்கள். 24 வார முடிவில், வெறுமனே தசைகளை நீட்டும் பயிற்சி செய்தவர்களைவிட தாய் ச்சி குழுவில் விழுதல் 58 சதவீதம் குறைவு. சமநிலை, வலிமை, நடை எல்லாம் கலந்த பயிற்சிக் குழுவோடு ஒப்பிட்டாலும் 31 சதவீதம் குறைவு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2019ஆம் ஆண்டு அலசலில், தாய் ச்சியால் விழுதல் குறைவது 19 சதவீதம்தான் என்று வந்தது. அதனால் 58ஐ மட்டும் நம்பி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

தாய் ச்சியின் சிக்கல் கற்றுக்கொள்வதில் இருக்கிறது. 1956இல் சீன அரசு எளிமையாக்கி வெளியிட்ட வடிவத்திலேயே 24 அசைவுகள். மனப்பாடம் ஆக மாதக்கணக்கில் ஆகும். நல்லவேளையாக, ஓரிகன் திட்டம் எட்டு அசைவுகளை மட்டுமே அடிப்படையாக எடுத்துக்கொண்டது. சொல்லித்தருபவரிடம் அப்படிக் கேட்டு வாங்கலாம். முழங்கால் தேய்ந்தவர்களுக்கு, தாய் ச்சி பாணிகளில் அதிகம் தாழாமல் நிமிர்ந்து நிற்கிற சுன் பாணி தோதானது.

பாதுவான்ஜினை எளிது என்று சொல்லிவிட்டு ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் விடக்கூடாது. எலும்பு மெலிந்தவர்கள் ஆறாவது அசைவில் குனிந்து பாதத்தைத் தொட முயல வேண்டாம், முதுகெலும்பு அழுந்தும். ஐந்தாவதில் தலையைத் தாழ்த்திச் சுழற்றுவது தலைசுற்றல் உள்ளவர்களுக்கு ஆகாது. கடைசியில் குதிகாலை உயர்த்தித் தொப்பென்று இறக்குவதையும் மெதுவாக்கிக்கொள்ளலாம்.

வலிமை விஷயத்தில் இரண்டுமே பாதிக் கிணறுதான். முழங்காலை எவ்வளவு மடக்குகிறோமோ அவ்வளவுதான் தொடைக்கு வேலை, பளு கூடுவதில்லை. அதே காக்ரேன் தொகுப்பில் சமநிலைப் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது விழுதல் 34 சதவீதம் குறைந்திருக்கிறது. ஆகவே எதைத் தேர்ந்தெடுத்தாலும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் சுவரோரம் உறுதியான நாற்காலியைப் போட்டு, கையை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து முறை சுலபமாக வந்துவிட்டால், உட்காருவதை இன்னும் மெதுவாக்குங்கள். அப்புறம் கையில் ஒரு தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம்.