டிரெய்லர் டயரில் சென்சார் மாட்டி நான்கு வருடம்

கலிபோர்னியாவில் இருக்கிறோம். 22 அடி டிராவல் டிரெய்லர் (உள்ளே தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) ஒன்றைப் பிக்கப்பில் மாட்டிக்கொண்டு வருடத்துக்கு ஏழெட்டு முறை கிளம்பிவிடுவோம். முதல் வருடம் டயரைக் காலால் தட்டிப் பார்ப்பதோடு சரி. ஒரு ஜூலை மதியம் பேக்கர்ஸ்ஃபீல்டு தாண்டிப் போகும்போது, கடந்துபோன லாரிக்காரர் ஹாரன் அடித்துப் பின்னால் கை காட்டினார். ஓரம் கட்டி இறங்கினால் பின் டயர் ஒன்று நார் நாராகத் தொங்குகிறது. கிழிந்த ரப்பர் அடித்தே மட்கார்டு பிய்ந்திருந்தது. அதற்கு மேலே போகும் கேஸ் குழாய்க்கு இரண்டு விரல்தான் பாக்கி.

ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு ஒரு சின்ன அதிர்வுகூடத் தெரியவில்லை. இரண்டு ஆக்ஸில் (சக்கர அச்சு) உள்ள டிரெய்லரில் ஒரு டயர் காற்று இழந்தால், பக்கத்து டயர் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஸ்டீயரிங்குக்குச் சேதியே வராது. அடுத்த வாரமே, டயரின் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் அளந்து ஓட்டுபவர் முன்னால் திரையில் காட்டும் சென்சார் செட் வாங்கினேன்.

வால்வ் மூடியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் சென்சாரைத் திருக வேண்டும், அவ்வளவுதான். சென்சார் எடைக்கு ரப்பர் வால்வ் ஆடும் என்பதால் எல்லாவற்றையும் உலோக வால்வாக மாற்றினேன். சிக்னல் அடிக்கடி விட்டுப்போனது. டிரெய்லரின் முன்பக்கம் ஒரு பூஸ்டர் வைத்தபின் அந்தத் தொல்லை இல்லை. பேட்டரியை வருடா வருடம் மாற்றுகிறேன். மத்தியான வெயிலில் திரையில் எண்கள் மங்குவது இன்றும் எரிச்சல்தான்.

என் டயர்கள் எஸ்டி (டிரெய்லருக்கென்றே செய்தவை) 205/75ஆர்14, பாரம் தாங்கும் வகை லோடு ரேஞ்ச் சி. குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் 50 பிஎஸ்ஐ. காலையில் வெயில் படுமுன், வண்டி நகருமுன் அளந்து அடிக்க வேண்டும். ஓடும்போது ஏறும் காற்றைப் பார்த்துப் பயந்து இறக்கிவிடக் கூடாது. அப்படி இறக்கினால் டயர் குளிர்ந்ததும் 50-க்குக் கீழே போய்விடும். பாரம் தாங்கப் போதாது.

அலாரத்துக்காக வாங்கினேன். ஆனால் என்னை மாற்றியது அலாரம் இல்லை, அந்த எண்கள்தான். மணிக்கு 55 மைல் வேகத்தில் போனால் 50 பிஎஸ்ஐ என்பது 55, 56 பிஎஸ்ஐயில் போய் நிற்கும். அதே சாலை, அதே வெயிலில் 65 மைலைத் தொட்டால் 59 பிஎஸ்ஐ. டயர் ஒரு மைலுக்கு ஏறக்குறைய 800 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடங்கி நிமிர்வதால் பிறக்கும் சூடுதான் அது. காற்று குறைவாக இருந்தால் இன்னும் அதிகமாக மடங்கும், இன்னும் சுடும். வேகமும் கூடினால் கேட்கவே வேண்டாம்.

கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்குச் சட்டப்படி 55 மைல்தான் உச்சம். ஐ-5 நெடுஞ்சாலையில் கார்கள் 70-இல் பறக்கும்போது நாம் மட்டும் ஊர்வதுபோல் முதலில் கூச்சமாக இருந்தது. திரையில் எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்தபிறகு அந்தக் கூச்சம் போய்விட்டது. டயரில் ‘எம்’ என்று, அதாவது 81 மைல் வரை தாங்கும் என்று அச்சடித்திருப்பது உண்மைதான். அதை அந்த வேகத்தில் போக அனுமதியாக நான் எடுத்துக்கொள்வதில்லை.

சென்சார் காட்டும் வெப்ப அளவை அப்படியே நம்பிவிட வேண்டாம். சென்சார் வால்வ் நுனியில், வெளிக்காற்றில் இருக்கிறது. டயரின் உள்சூடு அதில் தாமதமாகத்தான் தெரியும். நிறுத்தும் இடங்களில் வீல் ஹப்பையும் (சக்கரத்தின் நடுப்பகுதி) டயரையும் அகச்சிவப்பு வெப்பமானியால் பார்த்துவிடுவேன்.

போன வருடம் கோலிங்கா அருகே அலாரம் அடித்தது. “என்னங்க, இடது பின்னாடி 44 காட்டுது... 41 ஆயிடுச்சு” என்றாள் மனைவி. அடுத்த எக்ஸிட்டில் மெதுவாக இறங்கி நின்றபோது 33. டயரில் ஒரு திருகாணி ஏறியிருந்தது. ரிம், மட்கார்டு எதற்கும் சேதம் இல்லை.

சரி, ஸ்டெப்னியை மாட்டலாம் என்று இறக்கினால் அதில் 28 பிஎஸ்ஐதான் இருந்தது. ஓடும் நான்கையும் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவன், பின்னால் தொங்கிய ஐந்தாவதை மறந்தே போயிருந்தேன். கையில் கம்ப்ரசர் இருந்ததால் அங்கேயே 50-க்கு ஏற்றி மாட்டினோம். வீடு வந்ததும் இன்னொரு சென்சார் வாங்கினேன். இப்போது திரையில் ஐந்து எண்கள்.