ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர்: டைமரா, சென்சாரா, கம்பெனி மாட்யூலா?

ட்ரெய்லர் பிரேக் கன்ட்ரோலர் என்பது இழுக்கும் வண்டியில் மாட்டும் ஒரு பெட்டி. எதை வாங்கினாலும் அது செய்யும் வேலை ஒன்றுதான்: ட்ரெய்லருக்குப் போகும் நீல ஒயர் வழியாக ட்ரெய்லர் பிரேக்கில் இருக்கும் காந்தங்களுக்குக் கரண்ட் அனுப்புவது. 10, 12 அங்குல டிரம் பிரேக்கில் ஒரு காந்தம் சுமார் 3 ஆம்பியர் இழுக்கும். இரட்டை அச்சு ட்ரெய்லரில் நான்கு காந்தம் என்றால் 12 ஆம்பியர். பெடலை எவ்வளவு அழுத்தினீர்கள் என்பதைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதில்தான் வகைக்கு வகை வித்தியாசம். திரையையும் பட்டனையும் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

டைமர் வகைக்குப் பிரேக் லைட் எரிவது மட்டும்தான் தெரியும். லைட் எரிந்ததும், நீங்கள் வைத்த வேகத்தில் கரண்டை ஏற்றிக்கொண்டே போய், வைத்த உச்சத்தில் நிறுத்திவிடும். சிக்னலில் மெதுவாகக் கால் வைத்தாலும், குறுக்கே ஆள் வந்து முழுதாக மிதித்தாலும் அதற்கு இரண்டும் ஒன்றே. நெரிசலில் பின்னாலிருந்து இழுத்து உலுக்கும், அவசரத்தில் பிந்தும். விலை குறைவு, எந்தக் கோணத்திலும் மாட்டலாம். எப்போதாவது ஒற்றை அச்சு ட்ரெய்லரைச் சமதளத்தில் இழுப்பவருக்குப் போதும். இரட்டை அச்சுக்கு வேண்டாம்.

சென்சார் வகை வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைகிறது என்பதை அளந்து அதே விகிதத்தில் ட்ரெய்லரைப் பிடிக்கும். டெகோன்ஷா பி3 இந்த வகை. வண்டி வேகம் குறையத் தொடங்கிய பிறகே சென்சாருக்குச் சேதி போகும் என்பதால், கனமான ட்ரெய்லரின் முதல் பிடி கொஞ்சம் தாமதமாகும். அதை ஈடுகட்டத்தான் பூஸ்ட், அதாவது முதல் பிடியைக் கூட்டும் அமைப்பு. ட்ரெய்லர் வண்டியைவிட இலகு என்றால் பூஸ்ட் வேண்டாம் அல்லது முதல் நிலை (B1) போதும். வண்டியைவிடக் கனம் என்றால் B2 அல்லது B3 நிலை. பலர் பூஸ்டைத் தொடாமல் கெயினை (ட்ரெய்லருக்குப் போகும் உச்சக் கரண்ட் அளவை) மட்டும் ஏற்றிக்கொண்டே போய், குறைந்த வேகத்தில் சக்கரத்தைச் சுழலவிடாமல் லாக் ஆக்கிவிடுகிறார்கள்.

டெகோன்ஷா பி3-யை வண்டி போகும் திசைக்கு நேராக, ஆடாத இடத்தில் மாட்ட வேண்டும். ஆடும் பிளாஸ்டிக் பேனலில் திருகினால் மேடுபள்ளத்தைக்கூடப் பிரேக்காக எடுத்துக்கொள்ளும். இன்னொரு சென்சார் வகையான ரெட்ஆர்க் டோ-ப்ரோ எலைட்டில் இந்தத் தொல்லை இல்லை. பெட்டியை டேஷ்போர்டுக்குள் எங்கும் ஒளித்துவிட்டு, வெளியே ஒரு திருகு மட்டும் வைக்கலாம். ஆனால் எந்தப் பக்கம் முன்பக்கம் என்று அது தானே கற்றுக்கொள்ள வேண்டும். ட்ரெய்லரை மாட்டி, மிதமாகச் சிலமுறை பிரேக் பிடிக்கும் வரை விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும். இதைப் பழுது என்று நினைத்துக் கழற்றித் திருப்பிக் கொடுப்பவர்களும் உண்டு.

சென்சார் வகையின் உண்மையான பலவீனம் வழுக்குத் தரையில் தெரியும். பனியிலோ சேற்றிலோ வண்டி சறுக்கினால் வேகம் குறைவதில்லை; சென்சாரும் சும்மா இருந்துவிடும். அப்போது ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்க, கன்ட்ரோலரில் கையால் தள்ளும் லீவர்தான் கதி.

கம்பெனியே பொருத்தும் மாட்யூல் சென்சாரை நம்புவதில்லை. பெடலை மிதிக்கும்போது பிரேக் ஆயிலில் எழும் அழுத்தத்தையும் (மாஸ்டர் சிலிண்டர் அழுத்தம்) வேகத்தையும் வண்டியின் நெட்வொர்க்கிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கால் பெடலில் பட்டதுமே ட்ரெய்லர் பிடிக்கும், ஏபிஎஸ் வேலை செய்யும்போது அதற்கேற்பத் தளரும். ஜிஎம் வண்டிகளில் ட்ரெய்லர் ஆட்டம் போடும்போது ஸ்டெபிலிட்டி சிஸ்டம் ட்ரெய்லர் பிரேக்கையும் சேர்த்தே பிடிக்கும். தரத்தில் இதற்கு இணை இல்லை. சிக்கல் எல்லாம் இது இல்லாமல் வாங்கிய வண்டியில் பிறகு சேர்ப்பதில்தான்.

மாட்யூலைச் செருகினால் மட்டும் போதாது. இந்த வண்டியில் அது உண்டு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். ஜிஎம்மில் இதன் ஆப்ஷன் கோடு ஜேஎல்1. டீலர் அதை வண்டியின் அடையாள எண்ணுக்கு (விஐஎன்) சேர்த்து புரோகிராம் செய்வதே நேர்வழி. ராம் பிக்கப் வண்டிகளில் எக்ஸ்ஹெச்சி என்ற சேல்ஸ் கோடைச் சேர்க்க வேண்டும். ஆல்ஃபாஓபிடி என்ற மென்பொருள் கொண்டு நாமே செய்யலாம், ஆனால் 2018 முதல் வந்த வண்டிகளில் செக்யூரிட்டி கேட்வே என்ற பூட்டு எழுத விடாது; அதைச் சுற்றிப் போக 12+8 பைபாஸ் கேபிள் வேண்டும். ஃபோர்டில் ஃபோர்ஸ்கேன் மென்பொருள், எழுதும் வசதி கொண்ட லைசென்ஸ், வண்டியின் இரண்டாவது நெட்வொர்க்கான எம்எஸ்-கேனிலும் பேசும் நல்ல அடாப்டர் தேவை.

ஃபோர்ஸ்கேனில் வேலை தொடங்கும் முன் பேட்டரிக்குச் சார்ஜர் போடுங்கள். எல்லா மாட்யூலின் ஆஸ்-பில்ட் டேட்டாவையும் (இப்போது உள்ள அமைப்புகளை) சேமியுங்கள். பிறகு ஒரு மாட்யூல் எழுதி, இக்னிஷன் நிறுத்திப் போட்டு, எரர் கோடு பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மலிவான எல்ம் (ELM327) அடாப்டர் நடுவில் தொடர்பை விட்டுவிட்டால் கிளஸ்டர், அதாவது மீட்டர் பேனல், பாதி எழுதிய நிலையில் நிற்கும். பழைய வண்டியிலிருந்து கழற்றிய மாட்யூல் வாங்கினால் பார்ட் நம்பரை மாடல் ஆண்டோடு ஒப்பிடுங்கள். ஒத்துப்போகாவிட்டால் சாக்கெட் பொருந்தும், நெட்வொர்க்கில் பேசாது. டோ பேக்கேஜ் (ட்ரெய்லர் இழுக்கக் கம்பெனி தரும் வசதிகள்) இல்லாமல் பின்னால் 4 பின் பிளக் மட்டும் உள்ள வண்டிக்கு நீல ஒயரே ஓடியிருக்காது. அங்கே கம்பெனி மாட்யூலுக்குப் பாடுபடுவது வீண். சென்சார் வகையைப் போட்டு முடியுங்கள்.

டோ பேக்கேஜ் உள்ள வண்டிகள் பலவற்றில் டேஷ்போர்டுக்குக் கீழே கன்ட்ரோலருக்கான பிளக் தயாராகவே இருக்கும். அதற்குரிய ஹார்னஸ் (பிளக்கோடு வரும் ஒயர் தொகுப்பு) வாங்கினால் வெட்டு, ஒட்டு இல்லை. பிளக் இல்லாவிட்டால் நான்கு ஒயர்: கருப்பு பேட்டரி பாசிட்டிவுக்கு, தானாக மீளும் சர்க்கியூட் பிரேக்கர் வழியாக (4 பிரேக் வரை 20 ஆம்பியர், 6 என்றால் 30), வெள்ளை நேரே பேட்டரி நெகட்டிவுக்கு, நீலம் பின்பக்க 7 பின் பிளக்குக்கு, சிவப்பு பிரேக் லைட் சுவிட்சுக்கு. சிவப்பில்தான் அதிகம் சறுக்குவது. பெடலை மிதிக்கும்போது மட்டும் கரண்ட் வரும் முனையில் கொடுக்க வேண்டும். எப்போதும் கரண்ட் இருக்கும் முனையில் கொடுத்தால் பிரேக் போட்டதாகவே பெட்டி நினைத்துக்கொண்டிருக்கும். டைமர் வகை என்றால் டிரம் தீயும். டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள், ஒயர் நிறத்தை நம்பாதீர்கள்.

கர்ட் எக்கோ போன்ற ஒயர்லெஸ் வகை 7 பின் பிளக்கில் செருகி, போனில் அமைப்பது. ஒரே ட்ரெய்லரை இரண்டு மூன்று வண்டியில் மாற்றி மாற்றி இழுப்பவருக்கு வசதி. நான்கு பிரேக்குக்கு மேல் தாங்காது. அவசரத்தில் லீவருக்குப் பதில் போனைத் தேட வேண்டியிருப்பது எனக்குப் பிடிக்காத அம்சம்.

ட்ரெய்லரில் எலக்ட்ரிக் ஓவர் ஹைட்ராலிக் பிரேக் (கன்ட்ரோலரின் சிக்னலை ஆக்சுவேட்டர் என்ற பம்ப் ஆயில் அழுத்தமாக மாற்றும் வகை) என்றால், கன்ட்ரோலர் அதற்குப் பொருந்துமா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஆக்சுவேட்டரில் காந்தம் இல்லாததால் பழைய கன்ட்ரோலர்கள் ட்ரெய்லர் மாட்டியிருப்பதையே உணராது. டெகோன்ஷா பி3-யிலும், கம்பெனி மாட்யூல்கள் பலவற்றிலும் இதற்கு மெனுவில் தனி அமைப்பு உண்டு. எலக்ட்ரிக் அமைப்பிலேயே விட்டால் பிடி சரியாக வராது.

கெயின் வைக்கும் முறை எல்லா வகைக்கும் ஒன்றே. சுமை ஏற்றி, டயர் காற்று பார்த்து, பிரேக்கைக் கொஞ்சம் சூடாக்குங்கள். காய்ந்த சமதளத்தில் 40 கிமீ வேகத்தில் லீவரை முழுதாகத் தள்ளுங்கள். சக்கரம் லாக் ஆகும் வரை கெயினை ஏற்றி, பிறகு லாக் ஆகாத அளவுக்கு இறக்குங்கள். உச்சத்தில் வைத்தும் லாக் ஆகவில்லை என்றால் கன்ட்ரோலரைக் குறை சொல்லும் முன் டிரம் அட்ஜஸ்ட்மென்ட்டைப் பாருங்கள். புதிய பிரேக்கை முதல் 320 கிமீ ஓடியதும் ஒருமுறை இறுக்க வேண்டும். ட்ரெய்லர் தொடர்பு போனது என்று விட்டுவிட்டு மெசேஜ் வந்தால் பெரும்பாலும் பிளக்கில் பச்சை படிந்த வெள்ளை ஒயர், இல்லையென்றால் அச்சுக் குழாய்க்குள் உரசி உரிந்த நீல ஒயர்.

ட்ரெய்லர் வண்டியிலிருந்து கழன்றால் தானே பிரேக் பிடிக்கவைக்கும் பிரேக்அவே சுவிட்சைச் சோதிக்கும்போது 7 பின் பிளக்கைக் கழற்றிவிட்டே சுவிட்சின் பின்னை இழுங்கள். மாட்டியபடி இழுத்தால் ட்ரெய்லர் பேட்டரியின் கரண்ட் நீல ஒயர் வழியே திரும்பி வந்து கன்ட்ரோலரையே எரித்துவிடலாம்.